மடிக்கிற நட்சத்திரம் கட்டும் விதம்

அன்பு மகளே,

போன ஞாயிறு நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "அப்பா, நான் சின்னனில செய்த மடிக்கிற நட்சத்திரம் ஞாபகம் இருக்கோ? அதை எப்பிடிக் கட்டினனாங்கள்? மூத்தவள் நத்தாருக்கு அதைத்தான் செய்வன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள்" என்று கேட்டாய். லைன் சரியில்லை, உன் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொன்னேன். அது பொய். லைனுக்கு ஒரு குறையும் இல்லை. நோர்வேயில் உன் குசினியில் தண்ணீர் கொதிக்கிற சத்தம்கூட இங்கே மன்னாரில், எங்கள் கீரி ஊரில், எனக்குக் கேட்டது. நான்தான் போனை வைக்க வழி தேடினேன். அந்தக் கேள்வியோடு நீ இன்னொன்றும் சொன்னாய். "அம்மம்மாவுக்கும் ஒண்டு செய்து அனுப்பப் போறாளாம். நான் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவ அதை எங்கயாவது விட்டிட்டு வந்திடுவா, பிறகு பிள்ளைதான் பாவம்" என்று உன் அம்மாவைச் சொல்லிச் சிரித்தாய். இருபது வருடத்துக்கு மேலாக நீ இதையே வேறு வேறு விதமாகச் சொல்லி வருகிறாய். நானும் கேட்டுக்கொண்டு வருகிறேன். இந்த முறை எனக்கு ஏலாமல் போய்விட்டது, பிள்ளை. அதுதான் எழுதுகிறேன்.

எழுதத் தொடங்கி இன்றைக்கு மூன்றாவது நாள். பத்து வரி எழுதினால் விரல் மடங்கி நின்றுவிடுகிறது. இவ்வளவு காலம் நூலும் கயிறும் இழுத்த விரல்கள், பேனையைக் கண்டால் முறைக்கின்றன. கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருக்கிறேன். வெளியே மழை விட்டபாடில்லை. வாடைக் காற்று எழும்பிவிட்டது, ஒருவரும் கடலுக்கு இறங்கவில்லை. கோயிலில் ஒலிபெருக்கி விடியவே தொடங்கிவிடுகிறது. பாலன் பிறக்கிற நத்தார் வந்தால் மனிதருக்குச் சந்தோசம் வரவேண்டுமாம். எனக்கு இப்போதெல்லாம் அலுப்புத்தான் வருகிறது. உன் தம்பி சனிக்கிழமை வரும்போது இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். அனுப்புவதற்கு முதல் அவனும் வாசிப்பான். வாசிக்கட்டும், அவனுக்கும் தெரியத்தான் வேண்டும்.

உன் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது உனக்கு ஆறு வயது, தம்பிக்கு நாலு. படகு போய், வலை போய், வீடும் பாதிச் சுவரோடு நின்ற காலம். போவதற்கு முதல் உனக்கு நீயே தலை பின்னப் பழக்கிவிட்டுத்தான் போனாள். எனக்குப் பழக்கவில்லை. "வலை பின்னுறவருக்கு மயிர் பின்னத் தெரியாதாமோ" என்று ஊரில் பெண்டுகள் பகிடி பண்ணினார்கள். உண்மையில் எனக்குத் தெரியாது. பேன் பார்க்கத் தெரியாது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது, அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது. கடலில் நிற்கும்போது நான் ஒரு ஆள், வீட்டுக்குள் வந்தால் ஒரு மரக்கட்டை. அப்படிப்பட்டவனிடம் உங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனாள், வேறு ஆள் இல்லாததால்.

முதல் மார்கழி வந்தது. இதே மழை, இதே காற்று. நான் வேலையில்லாமல் வீட்டில், நீங்கள் பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டில். மூன்று நாளாகச் சண்டை. நாலாம் நாள் நீ தம்பியின் கையைக் கடித்து இரத்தம் வரப்பண்ணிவிட்டாய். அடிக்கக் கை ஓங்கினேன், பிறகு மனம் வரவில்லை. வலைச் சாமான் பெட்டியைத் தூக்கி வந்து நடுவீட்டில் கவிழ்த்தேன். நூல், மிதப்புக்கட்டை, கரையில் பொறுக்கி வைத்த சிப்பி சோகி எல்லாம் உருண்டு ஓடின. "ஆளுக்கொண்டு அம்மாவுக்கு நத்தார்ப் பரிசு செய்யுங்கோ. செய்து முடியும் வரைக்கும் ஒரு சத்தம் வரப்படாது" என்றேன். அதுதான் தொடக்கம். அப்பா எவ்வளவு பாசமாக எங்களோடு இருந்து செய்தார் என்று நீ உன் மனிசனிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பாசமாவது மண்ணாவது. உங்கள் வாயை அடைக்கத்தான் தொடங்கினேன். பிறகுதான் நானும் பக்கத்தில் குந்தினேன்.

குந்தியபின் சிலது படித்தேன், அதைச் சொல்கிறேன். பிள்ளை செய்கிற சாமானில் பெரியவர் கை வைக்கக்கூடாது. கோணலாக வெட்டினால் வெட்டட்டும். கத்தரிக்கோலை வாங்கி நான் ஒருமுறை நேராக வெட்டிக் கொடுத்தேன். நீ அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது உங்கட, என்ர இல்லை" என்று தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக வெட்டத் தொடங்கினாய். பசை கடையில் வாங்காதே. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிண்டி, கட்டியாகும்போது இறக்கு. இரண்டாம் நாள் அது நாறும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய காலம் வாசமாக இருந்தது என்று எவராவது சொன்னால் நம்பாதே. பால்மாப் பைக்கற்றைக் கழுவி விரித்தால் உள்பக்கம் வெள்ளியாக இருக்கும், அதைவிட நல்ல தாள் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சாமான் போதும். மூன்று சாமான் செய்ய வைத்தால் பிள்ளைக்குச் சலித்துவிடும், உனக்குக் கோபம் வந்துவிடும். கோபத்தோடு ஒட்டினது நிற்காது.

அந்த முதல் வருடம் நீங்கள் ஒரு தாளில் உங்கள் கைகளை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தீர்கள். உன்னுடைய கை ஒன்று, தம்பியுடைய கை ஒன்று. விரல் நுனியில் சின்னச் சோகிகளை ஒட்டினீர்கள், நகம் மாதிரி. அதை நான் அனுப்பினேன். அதை மட்டும் உண்மையாகவே அனுப்பினேன், பிள்ளை. குவைத்துக்குப் போன ஒரு அக்காவிடம் கொடுத்துவிட்டேன், போய்ச் சேர்ந்தது. மாதம் ஒருமுறை மன்னார் ரவுணில் இருந்த போன் கடைக்கு அம்மா எடுப்பாள், ஞாபகம் இருக்கும். அந்த மாதம் நான் தனியே போனேன். அவள் சுகமோ என்றுகூடக் கேட்கவில்லை. "இஞ்சேருங்கோ, தம்பியின்ர கை பெருத்திட்டுது. நான் என்ர கையை மேல வைச்சுப் பாத்தனான். என்னால ஏலாது. நான் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வாறன்" என்று அழுதாள். பத்து நாளாகச் சோறு இறங்கவில்லையாம். வேலை ஒப்பந்தம் முடியாமல் வீட்டை விட்டு ஓடின பெண்களை அங்கே பிடித்து அடைத்த கதையெல்லாம் நான் கேட்டிருந்தேன். "மாதாவே, இவள் ஓடினால் இவளும் இல்லை, பிள்ளையளும் இல்லை" என்று நினைத்தேன். இனி பிள்ளைகள் செய்கிற எதையும் இவள் கண்ணில் காட்டுவதில்லை என்று அந்தக் கடை வாசலிலேயே முடிவெடுத்தேன். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் மார்கழி முதலாம் திகதியே நீங்கள் இரண்டு பேரும் வலைப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். செய்யவேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? அந்த வருடம்தான் வாசல் படலையில் கட்டின தாள் நட்சத்திரத்தைக் கழுதை தின்றது. மன்னார்க் கழுதைக்கு வேறு என்ன வேலை? கோதுமை மாப் பசை மணத்துக்கு வந்து, இரண்டு காலைத் தின்று, மூன்றாம் காலை மென்றுகொண்டு நின்றது. தம்பி கல்லெடுத்து எறிந்தான். நீ படலையைப் பிடித்துக்கொண்டு, "பாலன் பிறக்கேக்க பக்கத்தில நிண்ட கழுதைக்கு இது கூடத் தெரியாதா" என்று அழுதாய். நான் சிரித்துவிட்டேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு அந்த வருடம் பெரிய சிப்பி ஓடு ஒன்றில் பஞ்சு வைத்து, துணி சுற்றின பாலனைப் படுக்க வைத்தாய். துணி அம்மாவின் பழைய சட்டையில் வெட்டினது. முகத்துக்குக் கண் மட்டும் வரைந்தாய், வாய் வரையவில்லை. நித்திரையில் வாய் தேவையில்லையாம்.

அதை நான் அனுப்பவில்லை. குவைத்துக்குப் போகிற அதே அக்கா வீட்டுக்கே வந்து, "ஏதும் குடுத்து விடப் போறீங்களோ" என்று கேட்டார். நீங்கள் கிணற்றடியில் நின்றீர்கள். "ஒண்டும் இல்லை" என்றேன். பிறகு உங்களிடம் வந்து கொடுத்தாயிற்று என்றேன். தை மாதம் போன் கடையில் வைத்து, "அதைப் பற்றி அம்மாட்டக் கேக்கப்படாது, கேட்டால் அவ அழுவா" என்று சொல்லி வைத்தேன். நீங்கள் நல்ல பிள்ளைகள், கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் "அம்மாவுக்குப் பிடிச்சதாமோ?" என்று என்னிடம்தான் கேட்டாய். "பிடிச்சதாம், தலைமாட்டில வைச்சிருக்கிறாவாம்" என்றேன். நீ துள்ளிக்கொண்டு நடந்தாய். சிப்பி ஓடு வலைக் கொட்டிலில் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் இருந்தது.

அவள் ஓடி வந்துவிடுவாள் என்ற பயத்தால் செய்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதியையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் எழுதிப் பிரயோசனம் இல்லை. எனக்குப் பொறாமை. வாந்தி துடைத்தவன் நான், ஈரக் கட்டையை ஊதி ஊதிப் புட்டு அவித்தவன் நான், ஆனால் பரிசெல்லாம் அம்மாவுக்கு. அப்பாவுக்கும் ஒன்று செய்வோம் என்று உங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றாதது உங்கள் பிழை இல்லை, அம்மாவுக்குச் செய்யுங்கோ என்று சொன்னதே நான்தான். ஆனாலும் எரிந்தது. இவ்வளவு பெரிய ஆம்பிளை ஒரு சிப்பி ஓட்டுக்கு எரிச்சல்பட்டான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

மூன்றாம் வருடம் நீ கேட்ட நட்சத்திரம். உனக்கு எட்டு வயது. கழுதைக்கு எட்டாமல் வீட்டுக்குள் எடுத்து வைக்கவும் வேண்டும், அம்மாவின் பெட்டியில் அடங்கவும் வேண்டும் என்று நீயே யோசித்தாய். என்னிடம் முடிச்சு மட்டும்தான் கேட்டாய். இனி கவனமாக வாசி. ஒரே நீளத்தில் ஐந்து குச்சி எடு. நாங்கள் பனைமட்டையைக் கிழித்துச் சீவினோம், உனக்கு அங்கே கிடைக்கிற எந்த மெல்லிய குச்சியும் சரி. ஆணி வேண்டாம், பசை வேண்டாம். ஒரு குச்சியின் நுனியை அடுத்த குச்சியின் நுனியோடு நூலால் கட்டு. வலைக்கு மிதப்புக் கட்டுகிற மாதிரி, இறுக்காமல், குச்சி திரும்பக்கூடிய அளவுக்கு இடம் விட்டுக் கட்டு. இப்படி ஐந்தையும் ஒரு சங்கிலி மாதிரிக் கட்டி, கடைசி நுனியில் மட்டும் முடிச்சுப் போடாமல் ஒரு கண்ணி வைத்து விடு. விரித்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாகவும் கீழாகவும் மாற்றி மாற்றிப் பின்னி, கண்ணியை முதல் குச்சியின் நுனியில் கொளுவினால் நட்சத்திரம் விறைத்து நிற்கும். கண்ணியைக் கழற்றினால் ஐந்து குச்சியும் ஒரு கட்டாக மடிந்துவிடும். குச்சிகளுக்கு வெள்ளித்தாள் சுற்று, நடுவில் ஏதாவது தூக்கித் தொங்கவிடு. நீ மூன்று சோகி தூக்கினாய். நீ அதை மடித்து, என் இடுப்புச் சாரத்துக்குள் செருகி, "பாருங்கோ, தெரியுதா? தெரியாது!" என்று கையைத் தட்டினாய். அதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒரு வேலையை எந்தப் பெரிய ஆளும் செய்து நான் பார்க்கவில்லை. அதையும் அனுப்பவில்லை.

அம்மா மூன்று மாத விடுமுறையில் வருகிறாள் என்று சேதி வந்தது. இரண்டு வருடச் சாமான் கொட்டிலில் இருக்கிறது. எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாமே என்று கேட்பாய். கொடுத்தால் நான் பொய்யன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. நீங்கள் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில் கொட்டிலுக்குப் பின்னால் தேங்காய்ப் பொச்சுமட்டையோடு வைத்து எரித்தேன். சிப்பி ஓடு வெடித்தது. குச்சி பற்றிக்கொண்டது. வெள்ளித்தாள் மட்டும் எரியாமல் சுருண்டு கிடந்தது, அதைக் காலால் மணலுக்குள் தள்ளினேன். பிறகு வந்து உங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வெட்டினேன்.

அம்மா வந்த அன்று நடந்தது உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். நீ மறந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திராது. பெட்டியைத் திறந்தாள். பொம்மை, சொக்கலேற், கம்பளிப் போர்வை, தம்பிக்குச் சாவி கொடுக்கிற கார். தம்பி காரோடு ஓடிவிட்டான். நீ பொம்மையைத் தொடவில்லை. உடுப்புகளுக்குள் கையை விட்டுத் துழாவினாய். "அம்மா, நான் செய்த நட்சத்திரம் எங்க?" என்றாய். அவள் உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு விளங்கிவிட்டது. முழுக்க விளங்கியிருக்காது, என் முகத்தைப் பார்த்து விளங்கக்கூடிய அளவு விளங்கியது. "அங்கயே விட்டிட்டு வந்திட்டன், பிள்ளை. பெட்டியில இடம் காணாமப் போச்சுது" என்றாள். நீ உடனே அழவில்லை. "மடிச்சு வைக்கலாம்தானே அம்மா. அதுக்குத்தானே மடிக்கிற மாதிரிச் செய்தனான்" என்றாய். நட்சத்திரம் மடியும் என்பதே அவளுக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், எரித்ததையும் சொன்னேன். ஏசுவாள், வாளியால் எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். நான் உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறேன் என்றேன். "வேண்டாம்" என்றாள். "நான் திரும்பிப் போகத்தானே போறன். ரெண்டு வருசம் அதுகள் உங்களோடதான் இருக்கோணும். உங்களையும் நம்பாட்டி அதுகள் ஆரை நம்பும்? என்னோட கோவிச்சால் கோவிக்கட்டும். நான் தூரத்திலதானே இருக்கிறன்." நான் ஓம் என்றேன். பிள்ளை, நான் எவ்வளவு கெதியாக ஓம் என்றேன் தெரியுமா? அவள் சொல்லி முடிக்கவில்லை, நான் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலுக்கு எனக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

அவள் போவதற்கு முதல் எல்லாருமாக மடு மாதா கோயிலுக்குப் போனோம். பஸ்ஸில் அவள் உன் கையைப் பிடித்தாள், நீ உருவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாய். என் தோளில் சாய்ந்தாய். எனக்கு, கடவுளே, சந்தோசமாக இருந்தது. அந்த வருட மார்கழியில் தம்பி வலைப் பெட்டியை இழுத்து வந்து, "அக்கா, செய்வமா?" என்று கேட்டான். "எதுக்கு? விட்டிட்டு வாறதுக்கோ?" என்றாய். அதற்குப் பிறகு நீ ஒன்றும் செய்யவில்லை. அவள் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது உனக்குப் பதினொன்று. வீட்டுக்குள் ஒரு தாய் இருந்தாள், நீ அவளோடு தேவைக்கு மட்டும் பேசினாய். உன் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்து ஒவ்வொரு முத்தாகத் தைத்தாளே, அந்த முக்காட்டை நீ போடவில்லை, வாடகைக்கு எடுத்ததைப் போட்டாய். அவள் அதைப் பேசாமல் மடித்து அலுமாரியில் வைத்தாள். நான் அப்போதும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஏலாது என்பார்கள். நான் மறைத்தேன். மூடிப் பிடித்தது அவள்.

ஒவ்வொரு நத்தாருக்கும் முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். கோபித்தேன், குடித்தேன், பூசைக்குப் போகாமல் விட்டேன் என்று எல்லாம் சொல்வேன். இதை மட்டும் "பிள்ளைகளிடம் பொய் சொன்னேன்" என்று மெல்ல உள்ளே நுழைத்துவிடுவேன். எந்தச் சுவாமியும் தோண்டிக் கேட்டதில்லை, ஐந்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த வாரம் போனேன். புதுச் சுவாமி, பொடியன். "என்ன பொய்?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "இதை மகளிட்டச் சொன்னீங்களோ?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் ஐயா எனக்குச் சொல்லுறீங்கள்?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து இந்தக் கொப்பியை எடுத்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் தகப்பன் என்றபடியால் சொல்கிறேன். உன் பிள்ளை செய்தது யாருக்கோ, அவருக்கு அன்றைக்கே அனுப்பு. அழுவார்களோ, சிரிப்பார்களோ, எங்கேயாவது வைத்து மறப்பார்களோ, அது அவர்கள் பாடு. இடையில் நிற்கிற பெரியவருக்கு அதைத் தீர்மானிக்க உரிமை இல்லை. நான் இடையில் நின்றேன். நீயும் போன கிழமை உன் மகளிடம் வேண்டாம் என்று சொன்னாயே, அப்போது நான் நின்ற இடத்தில்தான் நீ நின்றாய். நீ தெரியாமல் நின்றாய், நான் தெரிந்துகொண்டு நின்றேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் மூன்று நாளும் சுற்றி வந்தேன் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என்னுடைய போனுக்கு எடுக்கிறாய். "அம்மா சுகமோ" என்று கடைசியில் கேட்பாய், நான் சுகம் என்பேன், வைத்துவிடுவாய். நீ எடுக்கிற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முதலே அம்மா கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பேன். நீ பேசி முடியும் வரைக்கும் அவள் மூச்சுக்கூட விடமாட்டாள். இருமல் வந்தால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். உன் பிள்ளைகள் பின்னால் கத்தினால் எந்தக் குரல் எந்தப் பிள்ளை என்று விரலால் எனக்குக் காட்டுவாள். நீ நோர்வே போன நாளில் இருந்து இதுதான் நடக்கிறது. போன ஞாயிறும் இருந்தாள். எங்கேயாவது விட்டிட்டு வந்திடுவா என்று நீ சொன்னதைக் கேட்டாள். நான் போனை வைத்தபின், "உலை கொதிக்குது" என்று சொல்லி எழும்பிப் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

உனக்கு எழுதுகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். "வேண்டாம், உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், எழுதாதேங்கோ. உங்களோடயும் கோவிச்சால் அவள் போன் எடுக்கமாட்டாள். எனக்கு அந்தக் குரலாவது கேக்குது. அதையும் கெடுத்துப் போடாதேங்கோ" என்றாள். இந்த வயதில், என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான், அதனால்தான் நேற்று முழுவதும் ஒரு வரியும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். என்னுடைய பிழையை இருபது வருடம் சுமந்தவள், அவளுடைய பேச்சை ஒருமுறை கேட்கலாம்தான். ஆனால் இதில் கேட்கமாட்டேன்.

வருகிற ஞாயிறு நீ எடுக்கும்போது நான் வீட்டில் இருக்கமாட்டேன், கரைக்குப் போய்விடுவேன். போன் அவளிடம் இருக்கும். எடுத்துவிட்டு ஒன்றும் பேசமாட்டாள். பேசப் பயம், பேசாமல் இருந்து பழகியும் போய்விட்டாள். லைன் விட்டுப்போயிற்று என்று நினைத்து வைத்துவிடாதே. அந்தப் பக்கம் அவள்தான் இருக்கிறாள். எனக்குச் சொல்லவேண்டியது எவ்வளவு இருந்தாலும் பிறகு சொல், சொல்லாமலே விட்டாலும் சரி. அவளை அம்மா என்று கூப்பிடு, கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு இரு.

அப்பா